பாமிர் மலைநாட்டை ஆறு பிடித்துப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிப் புவியியலில் ‘பாமிர் முடிச்சு’ என்று ஒரு வரி வரும். இமயமலை, காரகோரம், இந்துகுஷ், குன்லுன், தியான்ஷான் எல்லாம் இந்த முடிச்சிலிருந்து கிளம்புகின்றன என்று ஒரு படம், இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். முடிச்சுக்குள்ளே ஆட்கள் இருக்கிறார்களா, என்ன பேசுகிறார்கள், எதை விளைவித்துச் சாப்பிடுகிறார்கள் என்பதற்கெல்லாம் பாடத்தில் இடமில்லை.

இணையத்தில் தேடினால் சிகரங்களின் பட்டியல் வந்து நிற்கும். இஸ்மாயில் சோமோனி 7,495 மீட்டர், லெனின் 7,134, கொர்ஷெனெவ்ஸ்கயா 7,105. நானும் அந்தப் பட்டியலில்தான் தொடங்கினேன், பெயர்களுக்குள்ளேயே தொலைந்து போனேன். சிகரத்தில் யாரும் குடியிருப்பதில்லை. பாமிர்க்காரர்கள் ஆற்றோரம் குடியிருக்கிறார்கள். ஆறுகளை முதலில் மனதில் போட்டுக்கொண்டால் எல்லைக்கோடு, மொழி, வயல், வீடு எல்லாம் அதன்மேல் தானாக வந்து உட்காரும். அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டி போகிறது.

பாமிரின் பெரும்பகுதி தஜிகிஸ்தானில், கோர்னோ படக்‌ஷான் என்ற தன்னாட்சிப் பகுதியில் இருக்கிறது. ஓரங்கள் ஆப்கானிஸ்தான், சீனா, கிர்கிஸ்தானுக்குள் நீள்கின்றன. கோர்னோ படக்‌ஷானின் பரப்பு ஏறத்தாழ 64,000 சதுர கிலோமீட்டர், அதாவது தஜிகிஸ்தானில் கிட்டத்தட்ட 45 சதவீதம். மக்களோ இரண்டு லட்சத்துச் சொச்சம். நாட்டு மக்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து வைத்து, ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பஞ்ச் ஆற்றை வரையுங்கள்

தாளின் தென்கிழக்கு மூலையில் தொடங்குங்கள். 4,126 மீட்டர் உயரத்தில் சோர்குல் என்ற ஏரி. அதிலிருந்து பாமிர் ஆறு இறங்குகிறது. ஆப்கன் பக்கத்திலிருந்து வாக்கான் ஆறு வருகிறது. லங்கர் என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டும் கலந்து பஞ்ச் ஆகின்றன. பாரசீகத்தில் ‘பஞ்ச்’ என்றால் ஐந்து. பஞ்சாபில் இருக்கும் அதே சொல்.

இனி கோடு மேற்கே இஷ்காஷிம் வரை போகட்டும். அங்கே ஆறு சட்டென்று வடக்கே திரும்பி, கோர்னோ படக்‌ஷானின் தலைநகரான கோரோக், ருஷான், வஞ்ச் வழியாக ஏறி, டர்வாஸ் பக்கம் மறுபடி வளைந்து தென்மேற்கே இறங்குகிறது. கீழே வக்‌ஷ் ஆறு வந்து சேர்ந்த பிறகு அதற்கு அமு தாரியா என்று பெயர். கிரேக்கர்கள் ஆக்ஸஸ் என்று எழுதிய ஆறு இதுதான். தாளில் இப்போது ஒரு பெரிய தூண்டில் முள் மாதிரி வடிவம் வந்திருக்கும். மேற்குப் பாமிரின் ஊர்கள் முக்கால்வாசியும் இந்த முள்ளின் மேலோ, அதில் வந்து விழும் கிளைகளின் மேலோதான் இருக்கின்றன.

படி 2: கிளை ஆறுகளைச் சேருங்கள், பர்தாங்கில் கொஞ்சம் நில்லுங்கள்

தெற்கிலிருந்து வடக்காகக் கிழக்குப் பக்கக் கிளைகளைப் போடுங்கள். ஷாஹ்தாராவும் குன்டும் கோரோக் நகரை ஒட்டிச் சேர்ந்து பஞ்சில் விழுகின்றன. ருஷானில் பர்தாங். அதற்கு வடக்கே யஸ்குலாம், பிறகு வஞ்ச்.

இவற்றில் பர்தாங்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆப்கன் எல்லையோரத்தில் அக்சு என்ற பெயரில் பிறந்து, கிழக்குப் பீடபூமியில் முர்காப் என்று பெயர் மாறி, மேற்கே குடாரா ஆறு கலந்தபின் பர்தாங் ஆகிறது. ஓர் ஆற்றுக்கு மூன்று பெயர். இந்த ஆற்றின் நடுவழியில் 1911 பிப்ரவரி 18 அன்று ஒரு நிலநடுக்கம் வந்தது. இரண்டு கன கிலோமீட்டருக்கு மேல் பாறை சரிந்து விழுந்து ஆற்றை அடைத்தது. உசோய் என்ற கிராமம் அப்படியே அடியில் புதைந்தது. அணையின் உயரம் சுமார் 567 மீட்டர். உலகத்தில் மனிதன் கட்டியதோ இயற்கை போட்டதோ இவ்வளவு உயரமான அணை வேறில்லை. பின்னால் தண்ணீர் மெல்ல ஏறி, சரேஸ் என்ற இன்னொரு கிராமத்தையும் மூழ்கடித்தது. புதைந்த ஊரின் பெயர் அணைக்கு, மூழ்கிய ஊரின் பெயர் ஏரிக்கு.

சரேஸ் ஏரி இன்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் வரை ஆழம். அணையின் பாறை இடுக்குகள் வழியே நீர் கசிந்து கீழே ஆறாகத் தொடர்வதால்தான் அது ததும்பாமல் நிற்கிறது. அணை உடைந்தாலோ, ஏரிக்குள் இன்னொரு சரிவு விழுந்து அலை எழும்பினாலோ என்னாகும் என்பது நூறு வருடக் கவலை. பர்தாங் கிராமங்களில் எச்சரிக்கைக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். ஏரியைப் பார்க்கத் தனி அனுமதி வேண்டும். நினைத்தவுடன் போய் எட்டிப் பார்க்க முடியாது.

படி 3: தாளை நெடுக்காக இரண்டாக மடியுங்கள்

மேற்குப் பாமிர் வேறு, கிழக்குப் பாமிர் வேறு. இதைப் பிரிக்காமல் ‘பாமிர்க்காரர்கள்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் எல்லாம் குழம்பிவிடும்.

‘பாமிர்’ என்ற சொல் அந்த ஊர்ப் பேச்சில் மலையைக் குறிப்பதே இல்லை. பனிப்பாறை ஆறுகள் ஒரு காலத்தில் அகழ்ந்து விட்டுப் போன, அகலமான, தட்டையான, உயரத்திலிருக்கும் புல்வெளிப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர். பெரிய பாமிர், சிறிய பாமிர், அலிச்சூர் பாமிர் என்று பல உண்டு. இவை எல்லாம் கிழக்கில். அங்கே தரையே 3,600 மீட்டருக்கு மேல். மேகங்களை மேற்கு மலைகள் கறந்துவிடுகின்றன. முர்காபில் வருடம் முழுவதும் மழையும் பனியுமாகச் சேர்ந்து விழுவது 100 மில்லிமீட்டர்கூடத் தேறாது. கண்ணுக்கெட்டிய வரை மரம் இல்லை. குளிர்ப் பாலைவனம்.

மேற்கில் கதையே வேறு. செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே இடுக்கில் ஓடும் ஆறுகள். 2,000 மீட்டர் வாக்கில் ஊர்கள். ஆப்ரிகாட், முசுக்கொட்டை, பாப்லர் மரங்கள். கிழக்குக்குப் போகாத பனி இங்கே உச்சியில் கொட்டுகிறது. துருவங்களை விட்டுவிட்டுப் பார்த்தால் உலகின் மிக நீளமான பனிப்பாறை ஆறு, 77 கிலோமீட்டர், இங்கேதான். ஃபெட்சென்கோ என்ற ரஷ்யப் பெயர் நெடுநாள் இருந்தது. 2023-இல் தஜிகிஸ்தான் அதை வஞ்ச்-யாக் என்று மாற்றிவிட்டது. இந்தப் பனிப்பாறையும் சரேஸ் ஏரியும் அடங்கிய தஜிக் தேசியப் பூங்காவை 2013-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாகச் சேர்த்தது.

வடகிழக்கில் கரகுல் என்ற உப்பேரியையும் குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 3,900 மீட்டர் உயரம், வெளியேறும் ஆறு கிடையாது. விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கிய ஏரி அது என்று கருதுகிறார்கள்.

படி 4: ஒரே ஒரு ஊரைப் பெரிதாக்கிப் பாருங்கள்

குன்ட் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு கிராமத்தைத் திரையில் பெரிதாக்குங்கள். பழுப்பு மலைகளுக்கு நடுவே பச்சையாக ஒரு முக்கோணம் தெரியும். நுனி மலைப்பக்கம், அகன்ற அடி ஆற்றுப்பக்கம், கைவிசிறியை விரித்த மாதிரி. மலையிடுக்கிலிருந்து இறங்கும் ஓடை காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும்தான் அது. மேற்குப் பாமிரில் உழுவதற்கேற்ற சமநிலம் என்று கிடைப்பது அநேகமாக இது ஒன்றுதான். ஓடையை மேலேயே வெட்டித் திருப்பி, மலைச் சரிவில் வாய்க்கால் ஓட்டி, விசிறி முழுக்க நீர் பாய்ச்சுகிறார்கள். கோதுமை, வாற்கோதுமை, ரை என்ற தானியம், பட்டாணி, உருளைக்கிழங்கு. தாவரவியலாளர் நிக்கொலாய் வவிலோவ் 1916-இல் இங்கே வந்து, இவ்வளவு உயரத்தில் இத்தனை வகைத் தானியமா என்று விதை சேகரித்துக்கொண்டு போனார்.

வயல் தந்த அதே ஓடை சில வருடங்களில் ஊரையும் எடுத்துக்கொள்ளும். 2015 ஜூலையில், கடும் வெப்பத்தில் மேலே பனி வேகமாக உருக, கோரோக்குக்குப் பக்கத்தில் உள்ள பர்செம் கிராமத்தின்மேல் சேறும் பாறையும் இறங்கின. வீடுகள் போயின, குன்ட் ஆறு அடைபட்டு ஏரியானது, நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. அதே வருடம் டிசம்பர் 7 அன்று பர்தாங்கில் 7.2 அளவு நிலநடுக்கம். விசிறியை விட்டு வேறெங்கே போய்க் குடியிருப்பது? இடம் இல்லை. அதனால் வெள்ளம் வடிந்ததும் மறுபடி அங்கேயே வாய்க்கால் வெட்டுகிறார்கள்.

ஊருக்கும் ஊருக்கும் இடையே பாறைச் சுவர். சாலை வருவதற்கு முன் ‘ஓவ்ரிங்’ என்ற தொங்குபாதை உண்டு. பாறை வெடிப்பில் முளைக்குச்சி அடித்து, அதன்மேல் கிளைகளும் கல்லும் பரப்பி, கீழே ஆறு இரைய, ஒருவர் பின் ஒருவராக நடப்பது. ஆற்றைக் கடக்க ஊதிப் பெருக்கிய ஆட்டுத்தோல். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போனால்தான் மொழிக் கணக்கு புரியும்.

படி 5: ஒவ்வொரு ஆற்றின் மேலும் ஒரு மொழியை எழுதுங்கள்

குன்ட், ஷாஹ்தாரா, கோரோக்கைச் சுற்றி ஷுக்னி. ருஷானில் ருஷானி, பர்தாங்கில் பர்தாங்கி. இவை மூன்றும் சொந்தக்கார மொழிகள். ஒருவர் பேசுவது அடுத்தவருக்குப் பெரும்பாலும் புரியும். யஸ்குலாமில் யஸ்குலாமி, கொஞ்சம் விலகிய உறவு. இஷ்காஷிமை ஒட்டிய ஓரிரு கிராமங்களில் இஷ்காஷிமி. அதற்குக் கிழக்கே பஞ்சின் இரு கரையிலும் வாக்கி. வாக்கி பேசுகிறவரும் ஷுக்னி பேசுகிறவரும் சந்தித்தால் தாய்மொழியில் பேசிக்கொள்ள முடியாது, தஜிக்கிலோ ரஷ்யனிலோதான் பேச வேண்டும். சரிகோல் மலைத்தொடர் தாண்டிச் சீனாவின் தாஷ்குர்கானில் சரிகோலி.

இவையெல்லாம் கிழக்கு ஈரானிய மொழிகள். தஜிக் என்பது பாரசீகம், மேற்கு ஈரானியக் கிளை. இரண்டுக்கும் உள்ள தூரம் வட்டார வழக்குக்கும் பொதுமொழிக்கும் உள்ள தூரம் மாதிரி இல்லை; தனித்தனி மொழிகள். ஆனாலும் அரசு கணக்கெடுப்பில் இவர்கள் எல்லாரும் தஜிக்குகள். பள்ளியில் தஜிக். 1930-களில் ஷுக்னிக்கு லத்தீன் எழுத்தில் பாடப்புத்தகம் போட்டார்கள், சில வருடங்களில் கைவிட்டார்கள். வஞ்ச் ஆற்றிலும் ஒரு மொழி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அழிந்து, இப்போது வஞ்ச்சும் டர்வாஸும் தஜிக்தான் பேசுகின்றன. உங்கள் தாளில் வஞ்ச் ஆற்றின்மேல் ஒரு மொழிப் பெயரை எழுதி அடித்துவிடுங்கள், மறக்காது.

படி 6: நடு ஆற்றில் எல்லைக்கோடு

சிவப்பு மையால் பஞ்ச் ஆற்றின்மேல் ஒரு கோடு போடுங்கள். ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் போட்ட கோடு அது. 1873-இல் பேசத் தொடங்கி, 1895-இல் எல்லைக் குழு மலை ஏறி முடித்து வைத்தது. இரண்டு பேரரசும் நேரடியாக உரசிக்கொள்ளக் கூடாது என்று நடுவில் வாக்கான் என்ற ஒடுங்கிய நிலத்துண்டை ஆப்கன் அமீரின் தலையில் கட்டினார்கள். அதன் மெல்லிய இடத்தில் அகலம் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில்தான்.

லண்டனிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் இருந்தவர்களுக்கு ஆறு வசதியான எல்லை. ஆற்றோரம் வாழ்பவனுக்கோ ஆறு என்பது ஊரின் நடுத்தெரு. அக்கரையில் மாமா வீடு, இக்கரையில் வயல். சோவியத் காலத்தில் இந்தக் கோடு இறுகி, அக்கரை உறவு அறவே அறுந்தது. இக்கரையில் பள்ளிக்கூடம், மின்சாரம், மருத்துவமனை. அக்கரையில் கழுதைப் பாதை. இன்றைக்கும் இக்கரைச் சாலையில் போகிறவர்கள் எதிர்ப்பக்கம் பார்த்து அதிசயப்படுவது அதைத்தான். 2002-இல் கோரோக்குக்குப் பக்கத்தில் ஒரு பாலம் திறந்தார்கள், பிறகு டர்வாஸ், இஷ்காஷிம், வஞ்ச் பகுதிகளிலும். பாலத்தை ஒட்டி வாரச்சந்தைகள் கூடின. காபூலில் ஆட்சி மாறினால் பாலமும் சந்தையும் மூடிக்கொள்ளும், அவ்வளவு பலவீனமான உறவு.

எல்லைக்கு முந்தைய காலத்தில் வாக்கான் நெடுஞ்சாலை. 7-ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து திரும்பும்போது இவ்வழியாகப் போனார். வ்ராங் கிராமத்தில் ஒரு பௌத்தத் தூபியின் எச்சம் இன்னும் நிற்கிறது. 1270-களில் மார்கோ போலோ வந்தார். இங்கே தீ மற்ற இடங்களைப் போலப் பிரகாசமாக எரிவதில்லை, சமையலும் சரியாக வேகவில்லை என்று எழுதி, குளிரின்மேல் பழி போட்டார். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வந்த வினை அது. பெரிய கொம்புள்ள காட்டுச் செம்மறியைப் பற்றியும் எழுதினார், அதற்கு இன்று அவர் பெயர்தான். இதே மார்கோ போலோ இருபது வருடம் கழித்துக் கப்பலில் நம் காயல் துறைமுகத்துக்கு வந்து, பாண்டிய நாட்டில் குதிரைகள் எப்படிச் செத்து மடிகின்றன என்று எழுதியவர். பாமிரின் உறைபனியும் தாமிரபரணிக் கரை வெயிலும் ஒரே மனிதர் நினைவில் இருந்திருக்கின்றன.

படி 7: நம்பிக்கையைப் புரிந்துகொள்ளுங்கள்

டர்வாஸ், வஞ்ச் பக்கம் சுன்னி முஸ்லிம்கள். கோரோக் சுற்றியும் தெற்கேயும் இருப்பவர்கள் நிசாரி இஸ்மாயிலிகள், ஷியா பிரிவு. ஆகா கான்தான் அவர்களின் இமாம். இந்தக் கொள்கையை இங்கே வேரூன்றச் செய்தவர் 11-ஆம் நூற்றாண்டுக் கவிஞர், தத்துவவாதி நாசிர் குஸ்ரோ. அவர் அடக்கம் ஆப்கன் படக்‌ஷானில், யும்கான் பள்ளத்தாக்கில். பாமிர்க்காரர்கள் அவரை நூலாசிரியராக மட்டும் நினைப்பதில்லை. ஊற்று தோன்றச் செய்தவர், மரம் நட்டவர் என்று ஊருக்கு ஊர் கதை வைத்திருக்கிறார்கள்.

மினாரா வைத்த மசூதியைத் தேடாதீர்கள். நெடுங்காலம் தொழுகையும் சடங்கும் வீட்டுக்குள்ளேயே நடந்தன. ‘கலீஃபா’ என்ற ஊர்ப் பெரியவர் நடத்தி வைப்பார். சாவு வீட்டில் ‘சராகே ரோஷன்’ என்று விளக்கேற்றுவார்கள். ரபாப் மீட்டி ‘மத்தோ’ என்ற பக்திப் பாடல் பாடுவார்கள். இசை பாவம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஊரோரத்தில் ‘ஓஸ்தோன்’ என்ற புனித இடங்கள் இருக்கும். சுவர்மேல் காட்டாட்டுக் கொம்புகளை அடுக்கி வைத்திருப்பார்கள். வாக்கானில் யாம்க் கிராமத்தில் வாழ்ந்த முபாரக் வாக்கானி, 1903-இல் இறந்தவர், கவிஞரும் இசைக் கலைஞரும் வான்கணிதருமாக இருந்தவர். துளையிட்ட கல் ஒன்றின் வழியே சூரியன் எங்கே எழுகிறது என்று பார்த்து நவ்ரோஸ் புத்தாண்டு நாளைக் குறித்தார். அந்தக் கல் இன்னும் அங்கே இருக்கிறது.

படி 8: வீட்டுக்குள் நுழைந்து மேலே பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள நேரமிருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பாமிர் வீட்டுக்கு ஷுக்னியில் ‘சீத்’ என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் தட்டைக் கூரை போட்ட மண் பெட்டி. சுவரில் ஜன்னல்கூட இருக்காது. உள்ளே போனால் ஒரே பெரிய கூடம். நடுவில் தாழ்ந்த தரை, சுற்றிலும் திண்ணை மாதிரி உயர்ந்த மேடைகள். உட்காருவது, உண்பது, உறங்குவது எல்லாம் அந்த மேடைகளில்தான்.

கூரையை ஐந்து மரத்தூண்கள் தாங்குகின்றன. முகமது, அலி, ஃபாத்திமா, ஹசன், ஹுசைன் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். ஹசன், ஹுசைன் தூண்களைச் செதுக்கு வேலை செய்த உத்தரம் ஒன்று இணைக்கும், அண்ணன் தம்பி தோளில் கை போட்டு நிற்பது போல. இஸ்லாத்துக்கு முன்பே இந்தத் தூண்களுக்குச் சொராஸ்டிரியத் தேவதைகளின் பெயர்கள் இருந்தன என்றும் சொல்வார்கள். பெயர் மாறியது, தூண் மாறவில்லை.

இப்போது தலையைத் தூக்குங்கள். கூரை நடுவில் ஒரு வெளிச்சத் திறப்பு. ஒரு சதுரம், அதற்குள் திருப்பி வைத்த இன்னொரு சதுரம், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று, ஆக நான்கு அடுக்கு. ‘சோர்கானா’, நான்கு வீடு என்று பொருள். மண், நீர், காற்று, நெருப்பு. சூரியன் முதலில் தொடும் மேல் சதுரம் நெருப்பு. இதே அமைப்பை ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைக் கூரைகளிலும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குறியீடுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் கணக்கு சரியாக இருக்கிறது. நீளமான மரம் கிடைக்காத ஊரில் குட்டைக் கட்டைகளை மூலைக்கு மூலை வைத்துக் கூரையை மூடும் வழி இது. அடுப்புப் புகையும் அதே வழியாக வெளியேறும். நிலம் நடுங்கும் ஊரில் கூரையின் பாரத்தைச் சுவரிடம் விடாமல் தூண்களிடம் கொடுத்திருப்பதும் காரணமில்லாமல் இல்லை.

படி 9: கிழக்கே ஏறுங்கள்

முர்காப் மாவட்டம் கோர்னோ படக்‌ஷானின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு. ஆனால் அங்கே இருப்பது சுமார் 15,000 பேர். பெரும்பாலோர் கிர்கிஸ், சுன்னி முஸ்லிம்கள், துருக்கிய மொழி பேசுகிறவர்கள். விசிறியும் வாய்க்காலும் வயலும் இங்கே கிடையாது. யாக், செம்மறி, கோடையில் மேய்ச்சலுக்குத் தூக்கிப் போகும் கம்பளிக் கூடாரம். முர்காப் ஊரே 1893-இல் ரஷ்யப் படைமுகாமாகத் தொடங்கியது. சந்தையில் கடைகள் என்பவை பழைய சரக்குப் பெட்டிகள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, கிர்கிஸ் நேரத்தில் வாழ்கிறவர்கள் உண்டு. யாராவது காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் எந்த எட்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மரமில்லாத ஊரில் எதை எரிப்பது? சாணம், பிறகு ‘தெரெஸ்கென்’ என்ற குட்டைப் புதர். சோவியத் காலத்தில் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து லாரியில் நிலக்கரி வந்தது. 1991-க்குப் பின் அது நின்றதும் ஊரைச் சுற்றியிருந்த தெரெஸ்கெனை வேரோடு பிடுங்கினார்கள். மெல்ல வளரும் செடி. அதுதான் கால்நடைக்குத் தீனியும்கூட. இப்போது புதருக்காக வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. பிடுங்கிய இடம் வெறும் சரளை.

எல்லைக்கு அந்தப்புறம், ஆப்கன் சிறிய பாமிரிலும் கிர்கிஸ் மக்கள் இருக்கிறார்கள். 1978-இல் அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ரஹ்மான் குல் என்ற தலைவர் பாகிஸ்தானுக்கு அழைத்துப் போனார்; 1982-இல் அவர்கள் துருக்கியின் வான் பகுதியில் குடியேறினார்கள். பனிமேட்டு மேய்ப்பர்கள் ஒரு தலைமுறைக்குள் துருக்கிக் குடிமக்கள் ஆனார்கள்.

படி 10: சாலையையும் சாப்பாட்டையும் சேர்த்துப் படியுங்கள்

ஓஷிலிருந்து கோரோக் வரை சோவியத் அரசு 1931 முதல் 1934 வரை சாலை போட்டது. தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பே பக்கத்து இணைப்பு 1940-இல். இன்று பாமிர் நெடுஞ்சாலை என்கிறார்கள், எண் எம்41. உச்சம் 4,655 மீட்டர், அக்-பைத்தால் கணவாய். எல்லைப் பகுதி என்பதால் மாஸ்கோ தாராளமாகக் கொடுத்தது. மாவும் எரிபொருளும் லாரியில் ஏறி வந்தன. பழைய வயல்களில் பல தீவனப் பயிருக்கு மாறின.

பிறகு 1992. சோவியத் போய், தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர். துஷான்பேயில் பாமிர்க்காரர்கள் என்பதற்காகவே பலர் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் மலைக்குத் திரும்பினார்கள், மலையில் உணவில்லை. அந்தக் குளிர்காலங்களில் முசுக்கொட்டைப் பழத்தை உலர்த்தி அரைத்த மாவு பல குடும்பங்களைக் காப்பாற்றியது. 1993 முதல் ஆகா கான் அறக்கட்டளை ஓஷ் வழியாக லாரி லாரியாகத் தானியம் அனுப்பியது. கூட்டுப்பண்ணை நிலங்கள் குடும்பங்களுக்குப் பிரிந்தன, விசிறி நிலங்களில் மறுபடி கோதுமை ஏறியது. 1995 மே மாதம் அன்றைய ஆகா கான் முதன்முறையாக நேரில் வந்தபோது ஆற்றின் இரு கரையிலும் மக்கள் கூடி நின்றார்கள். அக்கரை ஆப்கன் மக்கள் அங்கிருந்தபடியே கேட்டார்கள்.

இப்போதைய வருமானத்தில் பெரும்பங்கு ரஷ்யாவில் வேலை செய்கிறவர்கள் அனுப்பும் பணம். அரசியல் காயமும் ஆறவில்லை. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் கோரோக்கிலும் ருஷானிலும் அரசுப் படைகளுடன் மோதல் நடந்து உயிர்கள் போயின. விருந்தினராகப் போகிறவர்கள் இதைப் பற்றி வீட்டுக்காரரைத் தோண்டித் துருவாமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

படி 11: நேரில் போவதென்றால்

தஜிகிஸ்தான் மின்-விசாவோடு கோர்னோ படக்‌ஷான் அனுமதியும் தனியாக வேண்டும், விண்ணப்பத்திலேயே கேட்கலாம். வழியில் சோதனைச் சாவடிகள் பல, பாஸ்போர்ட் நகல் ஐந்தாறு கையில் இருக்கட்டும். கிர்கிஸ் எல்லையான கிசில்-ஆர்ட் சில வருடங்கள் மூடியே கிடந்தது, ஆகவே விதிகளைக் கிளம்பும் வாரத்தில் மறுபடி சரிபாருங்கள். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம்.

எந்தப் பக்கம் தொடங்குவது என்பது உடம்பைப் பொறுத்த முடிவு. ஓஷ் 1,000 மீட்டருக்கும் கீழே. அங்கிருந்து ஒரே நாளில் 4,280 மீட்டர் கணவாய் தாண்டிக் கரகுல் போய்ப் படுத்தால் தலைவலியும் வாந்தியும் வர வாய்ப்பு அதிகம். துஷான்பே வழியில் கலாய் கும்ப் 1,200, கோரோக் 2,100 என்று படிப்படியாக ஏறுவதால் உடம்பு பழகிக்கொள்ளும். என் ஓட்டு துஷான்பேக்குத்தான். கோரோக்கில் இரண்டு மூன்று நாள் தங்குங்கள். 1940-இல் தொடங்கிய பாமிர் தாவரவியல் பூங்கா ஊருக்கு மேலேயே இருக்கிறது. வாக்கான் பக்கம் யம்சூன் கோட்டை, அதன் மேலே பீபி ஃபாத்திமா வெந்நீர் ஊற்று, லங்கரில் பாறைச் செதுக்கல்கள். பகிர்வு ஜீப்புகள் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். ஆப்கன் எல்லையோர ஆற்றங்கரையில் பாதையை விட்டு இறங்காதீர்கள், 1990-களின் கண்ணிவெடிகள் எல்லா இடத்திலும் அகற்றப்படவில்லை. சிப்பாய்களையும் பாலங்களையும் படமெடுக்க வேண்டாம். கோரோக் தாண்டினால் பணம் எடுக்க வழியில்லை என்று வைத்துக்கொண்டு ரொக்கமாக எடுத்துப் போங்கள்.

சைவர்களுக்குச் சங்கடம்தான். ரொட்டி, உருளைக்கிழங்கு, தயிர், முட்டை, உலர்ந்த ஆப்ரிகாட் கிடைக்கும். சூப்பில் இறைச்சி இல்லை என்று சொன்னாலும் எலும்பு கொதித்த தண்ணீராக இருக்கலாம். காலையில் ‘ஷீர்ச்சாய்’ வரும். ஷீர் என்றால் பால், நம்மிடம் வடமொழி வழியாக வந்த க்ஷீரத்தின் உடன்பிறப்பு. தேநீரில் பால், உப்பு, வெண்ணெய். சர்க்கரை தேடாதீர்கள். ரொட்டியைப் பிய்த்து அதில் போட்டு ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, காலடியில் விழ விடக் கூடாது.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், அது நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வணக்கம் சொல்லும்போது பாமிர்க்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து மற்றவர் புறங்கையில் முத்தமிடுவார்கள். ஆணும் பெண்ணும் சின்னவரும் பெரியவரும் அப்படித்தான். முதல் தடவை தலையோடு தலை முட்டிக்கொள்ளாமல் இருக்க, அவர் குனியும் வரை அரை நொடி காத்திருங்கள்.